தமிழ் தெரியாத தேசத்தில் செத்தவன்

அத்தியாயம் 7

"கஜகஸ்தான்னு ஒரு ஊரு கீதாமே மேடம். அது ஆவடிக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?"

டில்லிபாபு கேட்டது அனுசுயாவை. திருவள்ளூர் போகும் மின்சார ரயில் அண்ணனூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. காலை பத்தரை மணி. ஆபீஸ் கூட்டமெல்லாம் எதிர்த் திசையில் சென்ட்ரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க, பெட்டியில் பாதி இடம் காலி. அவள் மடியில் ஒரு காகிதம். அதில் ஐந்து நாடுகளின் பெயர்கள்.

அனுசுயா பதினாறு வருஷம் போலீஸில் இருந்தவள். சப்-இன்ஸ்பெக்டராக இருக்கும்போதே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, அம்பத்தூர் ஓ.டி.யில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். டில்லிபாபு அதற்கு முன்பு நானூறு வீட்டுக்குக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தவன். வேலை கேட்டு வந்தபோது, "என்ன தகுதி இருக்கு?" என்று அவள் கேட்டாள். "ஊர்ல ஒரு ஊடு பாக்கியில்லாம உள்ள பூந்து ஒயர் உட்டவன் மேடம். இதுக்கு மேல இன்னா படிப்பு வேணும்?" என்றான். அன்றே சேர்த்துக்கொண்டாள்.

இந்தக் கேஸ் வந்து நான்கு நாள் ஆகிறது. கொண்டுவந்தவள் லோகநாயகி. ஆவடியில் ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைக்கும் இடத்தில் வேலை. அவள் கணவன் சின்னசாமி அங்கேயே பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி சீரியலில் சின்னச் சின்ன வேஷம். தொண்ணூற்று ஒன்பதில் 'மூன்றாம் மதகு' என்ற வாரத் தொடரின் படப்பிடிப்புக்குப் பாரிவாக்கம் ஏரிக்குப் போனவன் பிணமாக வந்தான். ஷூட்டிங் முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரத்தில் குடித்துவிட்டுக் குளிக்க இறங்கினான், மூழ்கிவிட்டான் என்று போலீஸ் எழுதி மூடியது. அதன்பிறகு குவார்ட்டர்ஸ் முழுக்க லோகநாயகிக்குக் குடிகாரன் பெண்டாட்டி என்று பெயர். மகள் தேவிப்பிரியாவுக்கு நிச்சயமான முதல் கல்யாணம் அந்தப் பேச்சில்தான் நின்றது.

இருபத்தாறு வருஷம் கழித்துப் போன மாதம், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கும் அக்கா மகன் பிரசன்னா போன் செய்தான். "சித்தி, இங்க ஒருத்தர் போன்ல பழைய இந்திய சீரியல் துண்டு ஒண்ணு காட்டினாரு. இந்தோனேசியா பாஷையில பேசுறாங்க. ஆனா ஏரியில மூழ்கிச் சாகறது சித்தப்பா. பின்னால யாரோ தமிழ்ல கத்துற சத்தம் கேக்குது." மறுநாள் தேடியபோது அந்தத் துண்டு நெட்டில் இல்லை. தொடரை எடுத்த டைரக்டர் கார்த்திகேசனின் கம்பெனி புகார் கொடுத்து அதை நீக்கியிருந்தது.

லோகநாயகியோடு ஆபீசுக்கு ஒருவர் துணைக்கு வந்திருந்தார். முனியன். சின்னசாமியோடு தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர், நடிக்கவும் சேர்ந்தே போனவர். "கூடப்பொறந்தவன் மாரி மேடம். ஏரியிலேர்ந்து அவன தூக்கினதே இந்தக் கைதான்" என்று இரண்டு கைகளையும் நீட்டி அழுதார். 'மூன்றாம் மதகு' தொடரில் படகுக்கார கோவிந்தனாக நடித்து ஊரெல்லாம் பெயர் வாங்கியவர் அவர். டில்லிபாபு அவரோடு நின்று செல்பி எடுத்துக்கொண்டான்.

"டில்லி, இதைப் பார்" என்று அனுசுயா காகிதத்தைத் திருப்பினாள்.

தொடரைக் கார்த்திகேசன் ஐந்து நாடுகளுக்கு விற்றிருந்தார். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, இந்தோனேசியா, கஜகஸ்தான். பழைய சீரியல் பைத்தியங்கள் நெட்டில் வைத்திருக்கும் குழுவொன்றில் டில்லிபாபு நுழைந்து, அந்தந்த நாட்டுப் பத்திரிகைகளில் வந்த டிவி நிகழ்ச்சிப் பக்கங்களைத் திரட்டியிருந்தான். அனுசுயா பதினான்காவது வாரத்தை மட்டும் அடிக்கோடிட்டிருந்தாள்.

"சிங்கப்பூர்ல பதினாலாவது வாரத் தலைப்பு 'பம்பாய் ரயில்'. மலேசியாவிலும் அதே. இலங்கையிலும் அதே. நம்ம ஊர்ல வந்ததும் அதுதான். சின்னசாமி பாத்திரம் அந்த வாரம் காணாமப் போகுது. யாரோ ஒருத்தர் 'அவன் பம்பாய்க்கு ஓடிட்டான்'னு வசனம் பேசுறார். அவ்வளவுதான். இந்தோனேசியாவில தலைப்பு என்ன?"

"அதான் போன்ல போட்டு மொழிபெயர்த்தேனே. 'மூழ்கினான்'."

"கஜகஸ்தான்?"

"'ஏரியில் மரணம்'. தப்பா மொழிபெயர்த்துட்டானுங்க மேடம்."

"ரெண்டு நாட்டுக்காரனும் ஒரே தப்பையா? சரி, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை. மூணுக்கும் என்ன ஒத்துமை?"

"மூணுலயும் இட்லி கிடைக்கும்."

"ஏன் கிடைக்கும்?"

"நம்மாளுங்க கீறாங்க, கிடைக்கு…" டில்லிபாபு பாதியில் நிறுத்தினான். வாயோரச் சிரிப்பு இறங்கியது.

"நம்ம பேச்சு புரியற ஊர்லெல்லாம் அவன் பம்பாய்க்கு ஓடிட்டான். புரியாத ரெண்டு ஊர்ல மட்டும் செத்திருக்கான். ரெண்டு விதமா வெட்டி ஒட்டியிருக்காங்க, டில்லி. எங்க எதை அனுப்பலாம்னு உட்கார்ந்து யோசிச்சு அனுப்பியிருக்காங்க."

சொல்லி முடித்ததும் நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைத்தது போல இருந்தது அவளுக்கு. எத்தனையோ பிணங்களைப் பார்த்தவள்தான். பிணத்தை எந்த நாட்டுக்கு அனுப்பினால் மாட்ட மாட்டோம் என்று கணித்தவனை இதுவரை பார்த்ததில்லை.

வெட்டி ஒட்டிய கை யாருடையது என்று அந்தக் குழுவிலேயே ஒருவர் சொல்லியிருந்தார். கார்த்திகேசனுக்கு வெளிநாட்டுப் பிரதிகளைத் தயார் செய்து கொடுத்தவர் பெயர் ஜேம்ஸ். வீடு பட்டாபிராமில்.

*

ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடை. புதிதாக முளைத்த அடுக்குமாடிகளில் ஒன்றின் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது ஜேம்ஸின் மனைவி ஞானம்மாள். ஒல்லியான பெண்மணி. யார் என்ன என்று கேட்பதற்கு முன்பே தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"காத்து நல்லா வருதே. எப்ப வாங்கினீங்க?" என்றாள் அனுசுயா.

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல. ரயில் சத்தம் மட்டும்தான் தொந்தரவு."

ஜேம்ஸ் உள்ளேயிருந்து வந்தார். எழுபது வயதிருக்கும். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. 'மூன்றாம் மதகு' என்ற பெயரைக் கேட்டதும் அதை எடுத்து, திறந்து, மூடி, திரும்ப வைத்தார்.

"அதெல்லாம் அப்பவே முடிஞ்சுபோன கதைம்மா. கேசட்டெல்லாம் பதினஞ்சுல வந்த வெள்ளத்துல போச்சு."

"இந்த வீட்லயா?"

"ஆமா. எல்லாம் ஊறிப்போச்சு."

"பெருசு, மூணாவது மாடிக்கு வெள்ளம் லிப்டுல வந்துச்சா, படியில ஏறி வந்துச்சா?" என்றான் டில்லிபாபு.

ஞானம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜேம்ஸ் முகம் கறுத்தது. அதற்குள் டில்லிபாபு எழுந்து டிவி இருந்த மேஜைக்குப் போயிருந்தான். டிவிக்குக் கீழே பழைய கேசட் டெக் ஒன்று. சுற்றிலும் தூசு ஒரு விரல் கனத்துக்கு. டெக்கின் மேல் ஒரு பொட்டுத் தூசு இல்லை. அவன் குனிந்து கேசட் போடும் வாயில் மூக்கை வைத்தான்.

"ஸ்பிரிட் வாசனை. டேப் ஓடுற ஹெட்டு துடைச்சு ரெண்டு நாள் கூட ஆவல. நான் கேபிள் ரூம்ல இருவது வருஷம் இத மோந்துகினே சோறு துன்னவன், எனக்குத் தெரியாதா? கேசட்டே இல்லாதவரு டெக்க எதுக்குத் துடைக்கிறாரு மேடம்?"

"அந்த வீடியோ நெட்ல வந்ததுமே கார்த்திகேசன் உங்களைக் கூப்பிட்டிருப்பார்" என்றாள் அனுசுயா. "உங்ககிட்ட பிரதி எதுவும் இல்லையேன்னு கேட்டிருப்பார். இல்லைன்னு சொல்லிட்டு, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கீங்க."

பேசியது ஞானம்மாள்.

"கொடுத்துடுங்க." குரல் தணிந்துதான் இருந்தது. "பைபிள் வெக்கிற பீரோவுல வெச்சிருக்காரும்மா. அதுக்கு முன்னாடி மண்டி போட்டு நான் தினம் ஜெபம் பண்றேன். என்ன கேசட்டுன்னு போன வாரம் இவரு போட்டுப் பாத்தப்பதான் எனக்குத் தெரியும். அன்னைலேர்ந்து இந்த மனுஷன் தொட்ட பாத்திரத்தத் தனியாக் கழுவறேன்."

ஜேம்ஸ் எழுந்து போய்க் கேசட்டை எடுத்து வந்தார். உறையில் 14 என்று மட்டும் எழுதியிருந்தது. ஏன் வைத்திருந்தீர்கள் என்று அனுசுயா கேட்டாள்.

"பயம்தான். நாளைக்கு என் தலையில கட்டிட்டா? கையில ஒண்ணு இருக்கட்டும்னு."

"இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது அந்தப் பொண்டாட்டிகிட்ட கொண்டுபோய்க் கொடுக்கணும்னு தோணலையா?"

"நான் வெறும் டேப் மாத்துறவன்மா. தமிழ் புரியாத ஊர்ல அந்தச் சாவு நல்லா விக்கும்னு ரெண்டு விதமா வெட்டச் சொன்னாரு. வெட்டினேன். வெளிநாட்டுல மறுபடி குரல் கொடுக்கிறவங்களுக்குப் பின்னணிச் சத்தம் வேணும். அதனால ஸ்பாட்ல பதிவான சத்தத்த ரெண்டாவது ஒலி டிராக்குல அப்படியே ஏத்தினேன். 'இதைத் துடைச்சிடலாமா சார்?'னு கேட்டேன். 'நேரமில்ல, அனுப்பு. அங்க யாருக்குப் புரியப்போகுது'ன்னாரு. அவங்களும் ஏதோ ஏரிக்கரைச் சத்தம்னு நெனச்சு அப்படியே விட்டுட்டாங்க."

அங்க யாருக்குப் புரியப்போகுது. அனுசுயா அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஞானம்மாள் வைத்த தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. கார்த்திகேசன் இப்போது பூந்தமல்லியில் நடிப்புப் பள்ளி நடத்துகிறார். வருஷா வருஷம் சின்னசாமி இறந்த தேதியன்று லோகநாயகி வீட்டுக்கு ஒரு மாலை அனுப்புகிறார். பெரிய மனசு என்று ஊர் பேசுகிறது.

"போடுங்க. ரெண்டாவது டிராக் மட்டும்."

படம் நடுங்கி நின்றது. ஏரி. மதகுக்குப் பக்கத்தில் ஆழமான தண்ணீரில் சின்னசாமி. கதைப்படி போலீசிடமிருந்து தப்பி நீந்துகிறான். நன்றாக நீந்துகிறவன் என்பது முதல் நாலு வீச்சிலேயே தெரிந்தது. ஐந்தாவது வீச்சில் உடம்பு சுண்டி நின்றது. கீழே ஏதோ காலைப் பிடித்திருக்க வேண்டும். தலை உள்ளே போய் மேலே வந்தது. கேமராவைப் பார்த்தான். கையை ஆட்டினான்.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு படகின் மூக்கும், ஒரு துடுப்பின் நுனியும் தெரிந்தன. துடுப்புக்கும் சின்னசாமி கைக்கும் நடுவே ஒரு ஆள் நீளம்கூட இல்லை.

ஒரு குரல் கேட்டது. "அண்ணே, அவன் காலு எங்கியோ மாட்டிகினு கீதுண்ணே. நெசமாவே முழுவுறான்."

இன்னொரு குரல். அவசரமில்லாத குரல். "தெரியுது. நல்லா வருது. கேமரா ஓடட்டும். நீ துடுப்ப நீட்டாதே. ஃபிரேம்ல விழும்."

துடுப்பு அசைந்தது. ஒரு சாண் முன்னால் வந்தது. பிறகு அப்படியே நின்றது.

"சரிண்ணே" என்றது முதல் குரல்.

சின்னசாமியின் தலை மறுபடி மேலே வந்தது. மறுபடி போனது. மூன்றாவது முறை கை மட்டும் வந்தது. அதன்பிறகு தண்ணீர். துடுப்பு கடைசிவரை அதே இடத்தில் இருந்தது. "கட்" என்ற சொல் வர எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணத் தொடங்கிய அனுசுயா, முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

டில்லிபாபு டிவியிலிருந்து ஒலியைத் தன் போனில் பதிவு செய்துகொண்டிருந்தான்.

"மேடம், அந்த மொதல் குரலு…"

"கேட்டேன்."

"பதினஞ்சாவது வாரத்துலேர்ந்து படகுக்கார கோவிந்தன் பேச ஆரமிப்பான். அதுக்கு மின்ன வாரமெல்லாம் அவனுக்கு வசனமே கிடையாது, சும்மா படகு தள்ளுவான். நான் லைன் உட்ட வீட்டுல எல்லாம் இந்தக் குரலக் கேட்டுக்கீறேன். நம்ம ஆபீஸ்ல வந்து ரெண்டு கையையும் நீட்டி அழுதாரே மேடம்."

கேசட்டைக் காகிதத்தில் சுற்றி, ஜேம்ஸையும் ஞானம்மாளையும் மேலே கையெழுத்துப் போடவைத்து, அனுசுயா பையில் வைத்தாள். கேட்ட இடத்தில் வந்து சாட்சி சொல்லவேண்டும் என்றாள். ஜேம்ஸ் தயங்கினார். "வருவாரு. நான் கூட்டிகினு வரேன்" என்றாள் ஞானம்மாள்.

படியிறங்கும்போது டில்லிபாபு முனியனோடு எடுத்த செல்பியை அழித்தான். அதற்கு ஜோக் எதுவும் சொல்லவில்லை.

*

ஆவடியில் லோகநாயகி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒன்றே கால். அன்று அவள் லீவு போட்டிருந்தாள். முன்னறையில் முனியன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் சோறும் மீன் குழம்பும். லோகநாயகி பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம். சாப்பிடுங்க" என்றாள். பிறகு அனுசுயாவின் முகத்தைப் பார்த்துக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. தனியாக் கேக்கறீங்களா?"

"அண்ணன் இருக்கட்டும். இந்த வீட்ல அவருக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

அனுசுயா வழி நெடுக யோசித்ததுதான். படத்தை அந்தப் பெண்ணுக்குக் காட்டப் போவதில்லை. அது கோர்ட்டுக்கு. அவளுக்குச் சேரவேண்டியது வேறு.

"போடு, டில்லி."

போனில் முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு அந்தக் குரல். பிறகு இன்னொன்று. பிறகு "சரிண்ணே."

முனியனின் விரல்கள் சோற்றுக்குள் நின்றுவிட்டன.

லோகநாயகி அழவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டான். முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் முனியன் முன்னால் மெல்ல உட்கார்ந்தாள். நெருக்கமாக, அவர் முகம் பார்த்து.

"அண்ணே. அன்னிக்கு அவரு குடிச்சிருந்தாரா?"

முனியன் தட்டைப் பார்த்தார். "இல்லம்மா."

"வேற என்ன சாப்பிட்டாரு?"

"நீ கட்டிக் குடுத்த புளிசோறு. எனக்கும் பாதி குடுத்தான்."

டில்லிபாபு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அனுசுயாவுக்கு மீன் வாசனையும் அந்த மனிதன் வாயோரத்து மஞ்சளும் சேர்ந்து, அறையை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை.

"'கட்'னு சொன்ன உடனே குதிச்சிடலாம்னுதாம்மா நெனச்சேன்" என்றார் முனியன். "அவரு சொல்லவே இல்ல. அப்பறம் தூக்கிப் போட்டோம், மூச்சு இல்ல. போலீசு வர்றதுக்குள்ள கார்த்திகேசன் அண்ணன் என்னை ஓரமா இட்டுகினு போய், குடிச்சிருந்தான்னு சொல்லு, அடுத்த வாரத்துலேர்ந்து உனக்குப் பேசற வேஷம்னாரு. பயத்துல சொல்லிட்டேன். அதுக்கப்பறம் மாத்திச் சொல்ல முடியல. அதனாலதான் வாரா வாரம் வந்துகினு கீறேன். உன்னையும் புள்ளையும் பாத்துக்கணும்னு."

"இருபத்தாறு வருஷம் அந்த மனுஷனுக்கு நான் ஒரு படையல் போட்டதில்ல" என்றாள் லோகநாயகி. "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்கு படையல்னு சொன்னேன். உங்களுக்கு எதிர்லதான் சொன்னேன். நீங்க தலையை ஆட்டினீங்க."

முனியன் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"எந்திரிங்க. கையக் கழுவுங்க."

அவர் எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்தார். லோகநாயகி அவர் சாப்பிட்ட தட்டைக் காலால் சுவரோரம் தள்ளினாள். குனிந்து எடுக்கவில்லை. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அனுசுயாவைப் பார்த்தாள்.

"போலீஸ் ஸ்டேஷன் போகணும்ல மேடம்?"

"ஆமா. இவர் வாக்குமூலம் கொடுத்தா, அடுத்து போலீஸே பூந்தமல்லிக்குப் போய்க் கார்த்திகேசனைக் கூட்டி வரும். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது."

"ஆட்டோ இட்டாரேன்" என்று டில்லிபாபு கிளம்பினான்.

"வேணாம் தம்பி. நடந்தே போலாம்."

வெளியே சுள்ளென்று வெயில். முனியன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். அவருக்கு இருபுறமும் அனுசுயாவும் டில்லிபாபுவும் நடந்தார்கள். லோகநாயகி முன்னால் போனாள். பக்கத்து வீட்டு வாசலில் சரசா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்து தெரிந்தவள்.

"எங்கக்கா, இந்த வெயில்ல?"

"சரசா, கொஞ்சம் இப்படி வா. இவர் உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

சரசா கையில் ஈரத் துணியோடு வேலியருகே வந்தாள். முனியன் லோகநாயகியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்து நின்றாள்.

"சொல்லுங்கண்ணே."

"சின்னசாமி குடிக்கல."

"அவளுக்குக் கேக்கல."

"சின்னசாமி அன்னிக்குக் குடிக்கல. நான் பொய் சொன்னேன்."

சரசா ஏதோ கேட்க வாய் திறப்பதற்குள் லோகநாயகி நகர்ந்துவிட்டாள். அடுத்தது பச்சைக் கேட் போட்ட வீடு. அந்த வீட்டுக்காரர்தான் தேவிப்பிரியாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டில் போய்க் குடிகாரன் மகள் என்று சொன்னவர் என்று அனுசுயாவுக்கு அப்போது தெரியாது. ஸ்டேஷன் வரைக்கும் தெருவில் இன்னும் முப்பது வீடாவது இருந்தன.

லோகநாயகி அழைப்பு மணியை அழுத்திவிட்டு, முனியனுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றாள்.